போரில் அரசு மறைப்பதை நிருபர்கள் எப்படி வெளியே கொண்டு வருகிறார்கள்? திருகோணமலை முதல் முள்ளிவாய்க்கால் வரை: முழு விளக்கம்

2006-ம் ஆண்டு ஜனவரி 2-ம் தேதி. இலங்கையின் திருகோணமலை கடற்கரையில் 5 தமிழ் மாணவர்கள் இறந்து கிடந்தனர். "அவர்கள் கொண்டு வந்த வெடிகுண்டு அவர்கள் கையிலேயே வெடித்துவிட்டது" என்று பாதுகாப்புத் தரப்பு சொன்னது. விஷயம் அதோடு முடிந்திருக்கும். ஆனால், 'சுடர் ஒளி' நாளிதழின் செய்தியாளர் சுப்பிரமணியம் சுகிர்தராஜன் பிணவறைக்குப் போய் உடல்களைப் படம் எடுத்தார். உடல்களில் இருந்தவை துப்பாக்கிக் குண்டுக் காயங்கள் என்பது படத்தில் தெளிவாகத் தெரிந்தது. படங்கள் பத்திரிகையில் வந்தன. வெடிகுண்டுக் கதை உடைந்தது.

அதே மாதம் 24-ம் தேதி, காலையில் வேலைக்குக் கிளம்பிய சுகிர்தராஜன் சுட்டுக் கொல்லப்பட்டார்.

போர் நடக்கும் இடத்தில் செய்தியாளரின் வேலை என்ன, அதற்கு அவர் என்ன விலை கொடுக்கிறார் என்பதற்கு இந்த 22 நாட்களே போதும். அரசுகள் போர்ச் செய்தியை ஏன் மறைக்கின்றன? எப்படி மறைக்கின்றன? மறைத்ததை யார் வெளியே கொண்டு வருகிறார்கள்? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

போர் நிருபர் என்றால் யார்?

போர்க்களத்துக்கு நேரில் போய் செய்தி அனுப்புபவர்தான் போர் நிருபர். நவீன காலத்தின் முதல் போர் நிருபர்களில் ஒருவராகச் சொல்லப்படுபவர் லண்டன் 'தி டைம்ஸ்' பத்திரிகையின் வில்லியம் ஹோவர்ட் ரஸ்ஸல். 1854-ல் கிரிமியா போருக்குப் போன அவர், பிரிட்டிஷ் சிப்பாய்கள் எதிரியின் குண்டால் சாவதைவிட காலராவாலும் குளிராலும் சரியான மருத்துவம் இல்லாமலும் சாவதே அதிகம் என்று எழுதினார். லண்டனில் கொந்தளிப்பு. 1855 ஜனவரியில் பிரதமர் அபர்டீனின் அரசே கவிழ்ந்தது.

அடுத்து என்ன நடந்தது என்பதுதான் முக்கியம். ராணுவத்தின் விவரங்களை நிருபர்கள் எழுதக் கூடாது என்று 1856-ல் பிரிட்டிஷ் தளபதி உத்தரவு போட்டார். அதாவது, போர் நிருபரும் போர்த் தணிக்கையும் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் பிறந்தவர்கள். இதே ரஸ்ஸல் 1858-ல் இந்தியாவுக்கும் வந்தார். கிளர்ச்சியை அடக்கிய பிரிட்டிஷார் நடத்திய பழிவாங்கல்களைப் பற்றியும் எழுதினார்.

நிருபர் இல்லாத போர் எப்படி இருக்கும்?

இதைப் புரிந்துகொள்ள குமரி மாவட்டம் பத்மநாபபுரம் வரை போனால் போதும். தக்கலைக்குப் பக்கத்தில் இருக்கும் இந்த ஊர்தான் ஒரு காலத்தில் திருவிதாங்கூரின் தலைநகரம். 1741-ல் குளச்சலில் மார்த்தாண்ட வர்மாவின் படை டச்சு கிழக்கிந்திய கம்பெனியின் படையைத் தோற்கடித்தது. பிடிபட்ட டச்சுத் தரப்பு அதிகாரி டிலனாய், பிறகு திருவிதாங்கூர் படைக்கே தளபதியானார். அவருடைய கல்லறை பக்கத்திலுள்ள உதயகிரிக் கோட்டையில் இன்றும் இருக்கிறது. குளச்சலில் வெற்றித் தூணும் இருக்கிறது.

ஆனால், அந்தப் போரில் இறந்த மீனவர்கள் எத்தனை பேர்? எரிந்த குடிசைகள் எத்தனை? படைக்கு நெல்லைக் கொடுத்துவிட்டு பட்டினி கிடந்த குடும்பங்கள் எத்தனை? ஜெயித்த அரசரின் பதிவும் தோற்ற கம்பெனியின் கடிதங்களும் படைகளைப் பற்றித்தான் பேசுகின்றன. மக்களின் கணக்கை எழுத அங்கே ஆள் இல்லை.

1809 பிப்ரவரியில் இதே பத்மநாபபுரம் கோட்டை ஆங்கிலேயக் கம்பெனிப் படையின் கைக்குப் போனது. கம்பெனியின் ஆவணங்களில் வேலுத்தம்பி 'கலகக்காரர்'. மக்கள் நினைவில் அவர் விடுதலை வீரர். ஒரே மனிதர்தான், எழுதியவர் யார் என்பதைப் பொறுத்து பெயர் மாறியது.

ஒரு நூற்றாண்டு கழித்து பத்திரிகைகள் வந்துவிட்டன. அப்போதும் நிலைமை சுலபமாக இல்லை. 'சுதேசாபிமானி' பத்திரிகையின் ஆசிரியர் ராமகிருஷ்ண பிள்ளை, திருவிதாங்கூர் திவான் ராஜகோபாலாச்சாரியின் நிர்வாகத்தை விமர்சித்து எழுதினார். 1910 செப்டம்பர் 26-ல் அச்சகத்தை அரசு பறிமுதல் செய்தது. ஆசிரியரை நாடு கடத்தி, அன்று பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்த திருநெல்வேலிக்குக் கொண்டு போய் விட்டது. 1916-ல் கண்ணூரில் இறக்கும்வரை அவரால் சொந்த மண்ணுக்குத் திரும்ப முடியவில்லை. இத்தனைக்கும் அது போர்க்காலம்கூட இல்லை.

அரசுகள் எப்படி மறைக்கின்றன?

நாடு மாறினாலும் வழிகள் பெரிதாக மாறுவதில்லை. பெரும்பாலும் இந்த நான்குதான்:

1. கதவை மூடுவது: சண்டை நடக்கும் இடத்துக்குள் நிருபர்களையும் உதவி நிறுவனங்களையும் விடாமல் தடுப்பது. பார்த்தவரே இல்லை என்றால் சாட்சியும் இல்லை.

2. எண்ணைக் குறைப்பது: எத்தனை பேர் உள்ளே சிக்கியிருக்கிறார்கள், எத்தனை பேர் இறந்தார்கள் என்ற கணக்கையே சுருக்குவது.

3. பெயரை மாற்றுவது: போருக்கு 'மனிதாபிமான நடவடிக்கை' என்று பெயர். இறந்தவர் எல்லாரும் 'பயங்கரவாதிகள்'.

4. சொல்பவரை மிரட்டுவது: வழக்கு, கைது, நாடு கடத்தல், கடைசியில் கொலை.

இந்த நான்கும் ஒன்றாகச் சேர்ந்து நடந்த இடம், தமிழகத்துக்கு மிகப் பக்கத்தில் இருக்கும் வன்னி.

வன்னியில் என்ன நடந்தது?

2008 செப்டம்பரில், கிளிநொச்சியிலிருந்து ஐ.நா. மற்றும் சர்வதேச உதவி நிறுவனங்களின் ஊழியர்கள் வெளியேற வேண்டும் என்று இலங்கை அரசு உத்தரவிட்டது. "எங்களை விட்டுப் போகாதீர்கள்" என்று மக்கள் அலுவலக வாசலில் கூடி நின்றும் பயனில்லை. சுதந்திரமான செய்தியாளர்களுக்கு ஏற்கெனவே அனுமதி கிடையாது. ராணுவம் கூட்டிப்போய் காட்டும் இடத்தை மட்டும் பார்க்கலாம், அவ்வளவுதான்.

2009 ஜனவரியில் 'பாதுகாப்பு வலயம்' அறிவிக்கப்பட்டது. மக்கள் அங்கே போனார்கள். அந்த வலயத்துக்குள்ளேயே குண்டுகள் விழுந்தன. புதுக்குடியிருப்பு மருத்துவமனை திரும்பத் திரும்பத் தாக்கப்பட்டது. ஆனால், "பொதுமக்கள் ஒருவருக்கும் பாதிப்பு இல்லாமல் நடவடிக்கை நடக்கிறது" என்பதே கொழும்பின் நிலைப்பாடாக இருந்தது.

இங்கேதான் எண் விளையாட்டைக் கவனிக்க வேண்டும். 2009 தொடக்கத்தில், வன்னியில் சிக்கியிருப்பவர்கள் சுமார் 70 ஆயிரம் பேர் என்று அரசு சொன்னது. போர் முடிந்து முகாம்களுக்கு வந்து சேர்ந்தவர்களோ 2 லட்சத்து 80 ஆயிரத்துக்கு மேல். இது வெறும் கணக்குப் பிழை என்று விட்டுவிட முடியாது. உள்ளே போகும் உணவும் மருந்தும் இந்த எண்ணை வைத்துத்தான் தீர்மானிக்கப்பட்டன. எண் குறைந்தால் அரிசி குறையும், குளுக்கோஸ் பாட்டில் குறையும், மயக்க மருந்து குறையும்.

2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் போர் முடிந்தது. ஐ.நா. பொதுச்செயலாளர் அமைத்த நிபுணர் குழு 2011-ல் அறிக்கை கொடுத்தது. கடைசிக் கட்டப் போரில் 40 ஆயிரம் பொதுமக்கள் வரை இறந்திருக்கலாம் என்பதை நம்பகமான தகவல்கள் மறுக்கவில்லை என்று அது சொன்னது. சரியான எண்ணிக்கை இன்றுவரை இல்லை. எண்ண வேண்டியவர்களை உள்ளே விடாததுதான் அதற்குக் காரணம்.

கதவு மூடியிருந்தும் செய்தி எப்படி வந்தது?

முதலில், மருத்துவர்கள். வன்னியில் கடைசிவரை வேலை பார்த்த அரசு மருத்துவர்கள் தொலைபேசியில் பிபிசி உள்ளிட்ட ஊடகங்களிடம் பேசினார்கள். எத்தனை காயம், எத்தனை சாவு, எந்த மருந்து தீர்ந்துவிட்டது என்று நாள்தோறும் சொன்னார்கள். போர் முடிந்ததும் அவர்கள் கைது செய்யப்பட்டனர். 2009 ஜூலையில் கொழும்பில் பத்திரிகையாளர்கள் முன் நிறுத்தப்பட்டு, "புலிகளின் வற்புறுத்தலால் மிகைப்படுத்திச் சொன்னோம்" என்றனர். காவலில் இருப்பவர் சொல்லும் வார்த்தைக்கு என்ன மதிப்பு என்று அப்போதே மனித உரிமை அமைப்புகள் கேட்டன.

இரண்டாவது, செயற்கைக்கோள் படங்கள். நிருபரை நிறுத்தலாம், வானத்தில் சுற்றும் கேமராவை நிறுத்த முடியாது. பாதுகாப்பு வலயத்துக்குள் குண்டு விழுந்த பள்ளங்களை ஐ.நா.வின் செயற்கைக்கோள் பிரிவு ஆய்வு செய்த படங்கள் காட்டின.

மூன்றாவது, சிப்பாய்களின் செல்போன்கள். வெற்றிக் களிப்பில் சிலர் எடுத்த வீடியோக்கள் வெளியே கசிந்தன. கைகள் கட்டப்பட்டவர்கள் சுட்டுக் கொல்லப்படும் காட்சியை பிரிட்டனின் சேனல் 4 தொலைக்காட்சி 2009 ஆகஸ்ட் 25-ல் ஒளிபரப்பியது. "இது போலி" என்றது இலங்கை அரசு. ஐ.நா.வின் சிறப்பு அறிக்கையாளர் பிலிப் ஆல்ஸ்டன், வீடியோ, தடயவியல், துப்பாக்கி ஆகிய துறைகளின் நிபுணர்களிடம் கொடுத்து ஆய்வு செய்தார். வீடியோ உண்மையானது என்பதற்கே ஆதாரங்கள் வலுவாக உள்ளன என்று 2010 ஜனவரியில் அறிவித்தார். 2011 ஜூனில் சேனல் 4-ன் முழு ஆவணப்படம் வந்தது.

அதற்கு முன்பே, 2009 மே மாதம், வவுனியா முகாம்களின் நிலையைப் பற்றிச் செய்தி வெளியிட்ட சேனல் 4 செய்தியாளரும் குழுவினரும் நாட்டைவிட்டு வெளியேற்றப்பட்டிருந்தனர்.

புலிகள் தரப்பு எதையும் மறைக்கவில்லையா?

மறைத்தது. சிறுவர்களைக் கட்டாயமாகப் படையில் சேர்த்தது, வெளியேற முயன்ற மக்களைத் தடுத்தது, தப்பி ஓடியவர்களைச் சுட்டது ஆகியவற்றையும் அதே ஐ.நா. நிபுணர் குழு பதிவு செய்திருக்கிறது. புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதியில் இருந்து இதை வெளிப்படையாக எழுத யாருக்கும் வழி இல்லை. ஒரு பக்கம் மறைத்ததை மட்டும் சொல்லிவிட்டு மறுபக்கத்தை விட்டால், நடுவில் மாட்டிக்கொண்ட மக்களின் கதை பாதிதான் கிடைக்கும். சுதந்திரமான நிருபர் உள்ளே இருக்க வேண்டும் என்று சொல்வதே இதற்காகத்தான்.

விலை கொடுத்தவர்கள் யார் யார்?

மயில்வாகனம் நிமலராஜன்: பிபிசி தமிழ், சிங்கள சேவைகளுக்கு யாழ்ப்பாணத்தில் இருந்து செய்தி கொடுத்தவர். 2000 அக்டோபர் 19-ல், ஊரடங்கு நேரத்தில், உயர் பாதுகாப்பு பகுதியில் இருந்த சொந்த வீட்டிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார்.

தராகி சிவராம்: தமிழ்நெட் இணையதளத்தின் ஆசிரியர். 2005 ஏப்ரல் 28-ல் கொழும்பில் கடத்தப்பட்டார். மறுநாள் நாடாளுமன்றத்துக்கு அருகே உடல் கிடைத்தது.

'உதயன்' நாளிதழ்: 2006 மே 2-ல், உலக பத்திரிகை சுதந்திர தினத்துக்கு முதல் நாள், ஆயுததாரிகள் யாழ்ப்பாண அலுவலகத்துக்குள் புகுந்து சுட்டதில் 2 ஊழியர்கள் இறந்தனர். ஆனாலும் பேப்பர் நிற்கவில்லை.

திசைநாயகம்: கட்டுரைகள் எழுதியதற்காக பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் 2009 ஆகஸ்டில் 20 ஆண்டு சிறை விதிக்கப்பட்டது. உலகம் முழுக்க எதிர்ப்பு எழுந்து, 2010-ல் மன்னிப்பு வழங்கப்பட்டது.

சிங்களச் செய்தியாளர்களும் தப்பவில்லை. 'சண்டே லீடர்' ஆசிரியர் லசந்த விக்ரமதுங்க 2009 ஜனவரி 8-ல் கொல்லப்பட்டார். கேலிச்சித்திரக்காரர் பிரகீத் எக்னலிகொட 2010 ஜனவரி 24-ல் காணாமல் போனார், இன்றுவரை வரவில்லை. உண்மையைச் சொன்னவர் எந்த மொழியில் சொன்னார் என்று கொன்றவர்கள் பார்க்கவில்லை.

அமெரிக்கரான மேரி கொல்வின், லண்டன் 'சண்டே டைம்ஸ்' நிருபர். அரசின் தடையை மீறி வன்னிக்குள் போனவர். 2001 ஏப்ரலில் திரும்பி வரும்போது ராணுவம் ஏவிய குண்டில் இடது கண் பார்வையை இழந்தார். அதன்பிறகு கறுப்புத் துணி மறைத்த கண்ணோடுதான் உலகம் அவரைப் பார்த்தது. 2012 பிப்ரவரியில் சிரியாவின் ஹோம்ஸ் நகரில் இருந்தார். "பயங்கரவாதிகளை மட்டுமே தாக்குகிறோம் என்று ராணுவம் சொல்வது பொய்" என்ற பொருளில் தொலைக்காட்சிகளுக்கு நேரலையில் பேசினார். மறுநாள் 22-ம் தேதி அவர் தங்கியிருந்த கட்டடம் குண்டு வீசித் தாக்கப்பட்டது. அவரும் பிரெஞ்சு புகைப்படக்காரர் ரெமி ஓஷ்லிக்கும் இறந்தனர். இது திட்டமிட்ட கொலை என்று சொன்ன அமெரிக்க நீதிமன்றம், 30 கோடி டாலருக்கு மேல் இழப்பீடு தர 2019-ல் சிரியாவுக்கு உத்தரவிட்டது.

களத்துக்குப் போகாமலே உண்மையைக் கண்டுபிடிக்க முடியுமா?

முடியும். 1968 மார்ச் 16-ல் வியட்நாமின் மை லாய் கிராமத்தில் அமெரிக்கப் படை நூற்றுக்கணக்கான பொதுமக்களைக் கொன்றது. "128 எதிரிகள் பலி" என்று ராணுவம் அறிவித்தது. பத்திரிகைகளும் அதையே போட்டன. ஒன்றரை ஆண்டு கழித்து செய்தியாளர் சைமூர் ஹெர்ஷ், அமெரிக்காவுக்குள்ளேயே சுற்றி, அங்கே இருந்த சிப்பாய்களைத் தேடிப் பிடித்துப் பேசி, 1969 நவம்பரில் உண்மையை வெளியிட்டார். வியட்நாம் அரசின் கணக்குப்படி இறந்தவர்கள் 504 பேர்.

இந்தியாவிலும் ஓர் உதாரணம் உண்டு. இரண்டாம் உலகப்போர் நேரத்தில் வங்காளத்தில் லட்சக்கணக்கானோர் பட்டினியால் இறந்தனர். பஞ்சம் என்ற சொல்லையே பிரிட்டிஷ் அரசு தவிர்த்தது. போர்க்காலத் தணிக்கை வேறு. 'ஸ்டேட்ஸ்மேன்' ஆசிரியர் இயன் ஸ்டீபன்ஸ் 1943 ஆகஸ்ட் 22-ல் கல்கத்தா தெருக்களில் சாகும் மக்களின் படங்களை வெளியிட்டார். அதன்பிறகு பஞ்சத்தை மூடி மறைக்க முடியவில்லை.

இன்றைய உதாரணம் காசா. 2023 அக்டோபரில் போர் தொடங்கியதில் இருந்து, வெளிநாட்டு நிருபர்கள் சுதந்திரமாக உள்ளே போக இஸ்ரேல் அனுமதிக்கவில்லை. உலகம் பார்த்த படங்களில் பெரும்பாலானவற்றை அந்த ஊர்க்காரர்களான பாலஸ்தீன செய்தியாளர்களே எடுத்தனர். அவர்களில் நூற்றுக்கும் அதிகமானோர் கொல்லப்பட்டுள்ளனர்.

அப்போ ராணுவம் எதையுமே மறைக்கக் கூடாதா?

அப்படி இல்லை. படை எங்கே நகர்கிறது, எந்த வழியாகப் போகிறது என்பதை நேரலையில் காட்டினால் வீரர்களின் உயிருக்கே ஆபத்து. 2008 மும்பை தாக்குதலின்போது கமாண்டோக்களின் நகர்வு டிவியில் நேரலையாகப் போனது பெரிய சர்ச்சையானது. பயங்கரவாத எதிர்ப்பு நடவடிக்கைகளை நேரலையில் காட்டக் கூடாது, அதிகாரி கொடுக்கும் விளக்கத்தை மட்டும் சொல்லலாம் என்று கேபிள் டிவி விதிகள் பின்னர் திருத்தப்பட்டன. பஹல்காம் தாக்குதலுக்குப் பிறகு 2025 ஏப்ரல் 26-ல் மத்திய அரசு இதை மீண்டும் நினைவூட்டியது.

வித்தியாசம் எளிமையானது. நாளை நடக்கப்போகும் படை நகர்வை மறைப்பது பாதுகாப்பு. நேற்று நடந்த சாவை மறைப்பது பாதுகாப்பு அல்ல.

ஊடகங்களுக்கும் இதில் பாடம் இருக்கிறது. 2025 மே மாத இந்தியா-பாகிஸ்தான் மோதலின்போது, கராச்சி துறைமுகம் தாக்கப்பட்டதாக பல இந்திய சேனல்கள் ஒளிபரப்பிய செய்தி பொய்யானது. மறுபக்கம், இந்தியா போர் விமானங்களை இழந்ததா என்ற கேள்விக்கு நேரடி பதில் வரவில்லை. இழப்பு இருந்ததை முப்படைத் தலைமைத் தளபதி அனில் சவுகான் மே 31-ல் சிங்கப்பூரில் ஒப்புக்கொண்டார். அரசு மௌனமாக இருக்கும்போது அந்த இடத்தை வதந்தி பிடித்துக்கொள்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

ஆயுத மோதல் நடக்கும் இடத்தில் வேலை செய்யும் செய்தியாளர் பொதுமக்களில் ஒருவராகவே கருதப்பட வேண்டும் என்று ஜெனீவா ஒப்பந்தங்களின் 1977-ம் ஆண்டு முதலாவது கூடுதல் நெறிமுறையின் 79-வது பிரிவு சொல்கிறது. வேண்டுமென்றே அவரைத் தாக்குவது போர்க்குற்றம். ஐ.நா. பாதுகாப்பு கவுன்சிலும் 2006-ல் 1738, 2015-ல் 2222 என்ற தீர்மானங்களில் இதை உறுதி செய்தது. சட்டம் தெளிவாகவே இருக்கிறது. தண்டனைதான் கிடைப்பதில்லை.

செல்போனில் போர்ச் செய்தி வந்தால் எதைப் பார்க்க வேண்டும்?

* சொல்பவர் அந்த இடத்தில் இருந்தாரா, அல்லது 'தகவல் வெளியாகியுள்ளது' என்று மட்டும் இருக்கிறதா?
* எண்ணிக்கை யார் கொடுத்தது? எப்படி எண்ணினார்கள்?
* சுதந்திரமான நிருபர்களுக்கு அங்கே அனுமதி உண்டா? இல்லையென்றால், ஏன்?
* எதிர்த்தரப்பு என்ன சொல்கிறது? மருத்துவமனை, செஞ்சிலுவைச் சங்கம் போன்ற மூன்றாவது தரப்பு ஏதாவது சொன்னதா?
* வீடியோ பழையதா? வேறு நாட்டுடையதா?
* "பொதுமக்கள் ஒருவருக்கும் பாதிப்பு இல்லை" என்று எந்தத் தரப்பு சொன்னாலும் ஒருமுறைக்கு இருமுறை யோசிக்க வேண்டும்.

இதெல்லாம் இன்று ஏன் முக்கியம்?

குமரி மாவட்டத்திலும் தமிழகத்தின் மற்ற மாவட்டங்களிலும் உள்ள மறுவாழ்வு முகாம்களில் இலங்கைத் தமிழர்கள் இன்னும் வாழ்கிறார்கள். 2009-ல் ஊரில் இருந்த உறவுகளுக்கு என்ன ஆனது என்று ரேடியோவையும் டிவியையும் பார்த்துக் காத்திருந்தவர்கள் பலர். இலங்கையின் வடக்கு, கிழக்கில் காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார்கள் 2017 முதல் பிள்ளைகளின் போட்டோக்களைக் கையில் வைத்துக்கொண்டு தொடர் போராட்டம் நடத்தி வருகிறார்கள். அவர்கள் கேட்பது ஒரே கேள்வி: "எங்க பிள்ளைகள் எங்கே?"

திருகோணமலை மாணவர்கள் வழக்கில் குற்றம் சாட்டப்பட்ட 13 பேரையும் போதிய ஆதாரம் இல்லை என்று 2019 ஜூலையில் நீதிமன்றம் விடுவித்தது. சாட்சிகள் பயந்து நாட்டைவிட்டே போயிருந்தனர். சுகிர்தராஜன் கொலையிலும் யாருக்கும் தண்டனை இல்லை.

ஆனால், அந்த மாணவர்கள் வெடிகுண்டு கொண்டு வந்தார்கள் என்று இன்று யாராலும் சொல்ல முடியாது. 5 குடும்பங்களுக்கு நீதி கிடைக்கவில்லை என்றாலும், பிள்ளைகளின் மேல் விழுந்த பழி துடைக்கப்பட்டது. அதைச் செய்தது நீதிமன்றமோ அரசோ இல்லை, பிணவறையில் எடுத்த சில படங்கள்.